மொழி மாதிரியிடம் வினவும் முறை

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகைப்படுத்தினார். விடையை அறிந்தவர் வினவுவது அறிவினா. அறியாதவர் வினவுவது அறியா வினா. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் இப்பாகுபாட்டை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இத்தகைய மொழி மாதிரி, தரப்பட்ட சொற்களைத் தொடர்ந்து வரத்தக்கவற்றைக் கணித்தே விடை தொடுக்கிறது. எனவே, கட்டளை பொதுவாயின் விடையும் பொதுவாகும். பினாங்கு மாநிலச் சிம்பாங் அம்பாட்டில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், 'தைப்பூசம் பற்றி எழுது' என்று மட்டும் பணித்தால், பழனியை மையமிட்ட கட்டுரை வரக்கூடும். 'ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு, 80 சொற்களில், பினாங்குத் தண்ணீர்மலைத் தைப்பூசத்தின் வெள்ளி இரத ஊர்வலத்தை விளக்குக; கீழ்வரும் குறிப்புகளை மட்டும் பயன்படுத்துக' எனின், படிப்போர், அளவு, இடம், பொருள், எல்லை ஆகிய ஐந்தும் தெளிவாகின்றன. மாதிரிப் பத்தி ஒன்றை இணைப்பின் நடையும் பெரும்பாலும் பொருந்தி அமையும்.

ஆயினும், செவ்விய கட்டளை உண்மைக்கு உறுதியாகாது. இல்லாத நூலையும் இருப்பதுபோல் இம்மாதிரி குறிப்பிடக்கூடும். ஆசிரியர் வினவுவது பெரும்பாலும் அறிவினா. பிழையை அவர் கண்டுகொள்வார். மாணவர் வினவுவதோ அறியா வினா. பிழையையே பாடமாகக் கொள்வார். ஆதலின், கட்டளை எழுதும் முறையையும் விடையைச் சரிபார்க்கும் முறையையும் வகுப்பில் ஒருங்கே கற்பித்தல் வேண்டும் என்பது எமது கருத்தாகும்.