ஒளிச் செயலிகளிற் கட்டண வசதிகள்: இடைமுக அமைப்புப் பற்றிய ஒரு குறிப்பு

2012ஆம் ஆண்டிற் பிலிப்ஸ் ஹியூ விற்பனைக்கு வந்த பின்னர், கைத்தொலைபேசிச் செயலியால் இயங்கும் மின்குமிழ்கள் பரவலாயின. இத்தகைய செயலிகளிற் சிறப்பு வசதிகள் சிலவற்றுக்குத் தனிக்கட்டணம் அறவிடப்படுவதுண்டு. அவற்றை இடைமுகத்தில் எவ்விடத்தில் வைப்பது என்பதே நாம் ஆராயும் வினா.

ஒளியை ஏற்றல், அணைத்தல், மங்கச்செய்தல் ஆகியன முதற்றிரையிற் கட்டணத் தடையின்றி இருத்தல் வேண்டும். இருளில் ஆளியைத் தேடுபவருக்கு விளம்பரம் இடையூறாகும். இசைக்கேற்ப நிறம் மாறுதல் போன்ற வசதிகள், விலை தெளிவாகக் குறிக்கப்பட்டுத் தனிப்பகுதியில் அமையலாம். பூட்டிய வசதியை நிறத்தால் மட்டுமன்றிச் சொல்லாலுங் குறித்தல் நிறக்குருடுடையோர்க்கும் உதவும்.

2022 ஏப்ரிலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சேவையகங்கள் முன்னறிவித்தலின்றி நின்றபோது, செயலியை நம்பியிருந்தோர் இடருற்றனர். சுவராளிகளோ தொடர்ந்து இயங்கின. எனவே, சந்தா முடிவுற்றாலும் இணையம் அற்றாலும் விளக்கேற்றும் வசதி வீட்டினுள்ளேயே இயங்குமாறு செயலி அமைதல் வேண்டும் என்பதே எமது துணிபு.