வாட்டுத் தொட்டியும் கொம்பியூட்டர் பெட்டியும்

கண்டி வீதியில் மாவனல்லை பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற என் சின்னக் கடைக்கு அந்தக் கொம்பியூட்டர் கோதுமை மா சாக்கில் கட்டி வந்தது. அரநாயக்கப் பக்கத்துப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெரியவர், முப்பது வருஷம் ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் சாமான் அறை இல்லை, தேயிலைத் தொழிற்சாலை.

“பேத்தி ராவுலதான் படிக்கிறா தம்பி. இது போடுற சத்தத்துல பக்கத்துக் காம்பராக்காரங்க சுவத்துல தட்டுறாங்க. நல்லதா ஒரு காத்தாடி மாத்திக் குடுங்க.”

இரண்டு பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் சொல்லிவிட்டு, பெட்டியை மேசையில் வைத்து ஓடவிட்டேன். திருப்புளியை எடுக்கும் முன்னால் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும். சத்தம் ஒரே சீராக ‘ஊ’ என்று ஏறினால் காத்தாடி வேகமாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். ‘கரகர’ என்று அரைத்தால் அச்சில் எண்ணெய் வற்றிவிட்டது அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும். ‘டிக் டிக்’ என்றால் ஏதோ ஒரு வயர் இதழில் உரசுகிறது. பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தியதும் சத்தம் குறைந்தால் ஸ்குரூ தளர்ந்து தகடு அதிர்கிறது. இந்தப் பெட்டி முதல் ரகம். இரண்டே நிமிஷத்தில் ஊளை உச்சிக்குப் போனது.

“காத்தாடி நல்லாத்தான் இருக்கு மாமா. அத ஓட ஓட வெரட்டுறது வேற ஏதோ.”

கரண்டைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சத்தை இறக்கிவிட்டுப் பக்க மூடியைத் திறந்தேன். முன் மூலையில் இரண்டு பல்லி முட்டை ஓடு. பிராசசர் சிப்பின் மேல் அலுமினியத் தகடுகள் சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக நிற்கும். அதற்கு மேல் காத்தாடி. அதைத் தூக்கியதும் தகடுகளின் தலையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளி. விரல் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். துண்டு துண்டாக உதிராமல் அப்படியே ஒரு வில்லையாக எழும்பி வந்தது. விறகு அடுப்பு உள்ள வீடுகளில் தூசி இப்படித்தான். புகையின் பிசுக்கு சேர்ந்துவிட்டால் ஊதுகிற மெஷினால் மட்டும் அது போகாது, பிரஷ் போட வேண்டும்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “அட, கொழுந்த அமுக்கிப் போட்ட மாதிரியில்ல இருக்கு!”

இதற்குப் பிறகு என் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. அவருக்குத் தெரிந்ததையே அவருக்குத் திருப்பிச் சொன்னால் போதும்.

ஸ்டோரில் வாட்டுத் தொட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நீளமான தொட்டி, ஒரு முனையில் ஆள் உயரக் காத்தாடி, மேலே கம்பி வலை, வலையில் கொழுந்து. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அதில் ஒரு பகுதியைக் காற்று மெதுவாக வாங்கிக்கொண்டு போக ஒரு ராத்திரியே ஆகும். கொழுந்தை உதிர்த்துப் பரவலாகப் போட்டால் காற்று எல்லா இடத்திலும் ஏறும். அமுக்கிப் போட்டால் காற்று பிளந்த இடமாகப் பார்த்துப் பாய்ந்துவிடும். மற்ற இடம் புழுங்கும். அதற்காக யாரும் பெரிய காத்தாடி வாங்குவதில்லை, கையை விட்டுக் கொழுந்தைக் கிளறுவார்கள்.

பெட்டிக்குள்ளும் அதுதான். ஸ்டோரில் காற்று ஈரத்தைச் சுமக்கிறது, இங்கே சூட்டைச் சுமக்கிறது. ஒரு வித்தியாசம்: மழை நாளில் ஸ்டோரில் காற்றைக் கொஞ்சம் சூடாக்கி அனுப்புவார்கள், நாம் எந்த நாளிலும் குளிர்ந்த காற்றையே தேடுகிறோம். எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1,200 ஜூல் பிடிக்கும். பெட்டி 100 வாட் எடுக்கிறது, உள்ளே போன காற்று பத்துப் பாகை கூடுதலாகச் சூடேறி வெளியே வரலாம் என்று வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு அரைக் கன மீட்டர் காற்றே போதும். 12 சென்டிமீட்டர் காத்தாடி ஒன்று, வழியை மறிக்காமல் விட்டால், முனகாமல் இதைச் செய்துவிடும். மாவனல்லையில் பகலில் அறைக்குள் 30 பாகை சர்வசாதாரணம்; அதற்குக் கீழே எந்தக் காத்தாடியாலும் பெட்டியைக் குளிர்விக்க முடியாது. கண்டியிலோ நுவரெலியாவிலோ இதே பெட்டி இன்னும் அமைதியாக ஓடும்.

“அப்ப இது ஏன் இவ்வளவு கத்துது?”

சிப்புக்குள்ளேயே ஒரு சூடு பார்க்கும் உணரி இருக்கிறது. தகடு அடைபட்டால் சூடு ஏறும். உணரி சொல்கிறது, மதர்போர்ட் காத்தாடியை விரட்டுகிறது. காற்று இறங்க வழி இல்லை, ஆகவே இன்னும் விரட்டுகிறது. அப்படியும் தாங்காவிட்டால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். “ராவுல பாடம் நின்னு நின்னு ஓடுதா?” என்று கேட்டேன். ஓடுதாம். நெட் மோசம் என்று நினைத்திருக்கிறார்கள்.

காத்தாடிக்காரர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒரு விதி உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் தள்ளும் வலு கால்வாசியாகிவிடும், கரண்டு எட்டில் ஒன்றாகும். சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். காதுக்குப் 10 டெசிபல் இறங்கினாலே பாதிச் சத்தம் மாதிரித் தோன்றும். இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு காத்தாடி முழு வேகத்தில் ஓடுவதற்குப் பதிலாக அதே மாதிரி இரண்டு பாதி வேகத்தில் ஓடட்டும். காற்று அதே அளவு. இரண்டாவது காத்தாடியால் சத்தம் 3 டெசிபல் கூடும், அதைக் கழித்தாலும் 12 டெசிபல் லாபம். ‘காத்தாடி கூடினால் சத்தம் கூடும்’ என்று நினைப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெரியவர் உடனே ஓட்டையைக் கண்டுபிடித்தார். “வலு கால்வாசின்னா, கொழுந்து தடிச்சுக் கெடந்தா ஏறாதே?”

சரியாகச் சொன்னார். மெதுவாகச் சுற்றும் காத்தாடிக்குத் தடை ஆகாது. அதனால்தான் முதலில் வழி, பிறகு காத்தாடி. அமைதியான காத்தாடி என்று விலை கொடுத்து வாங்கி, அடைபட்ட பெட்டியில் மாட்டி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காற்றுக்கு நேர் வழி வேண்டும் என்று பெரிய கம்பனிக்கே ஒருநாள் தோன்றியது. இன்டெல் 2003இல் பி.டி.எக்ஸ். என்று ஒரு பெட்டி அமைப்பை அறிவித்தது. முன்னால் பெரிய காத்தாடி, அதற்கு நேர் பின்னால் சிப்; காற்று வளையாமல் ஓடும். அதற்குள் சூடு குறைந்த சிப்கள் வந்துவிட்டன; 2006இல் கைவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

நம் பெட்டிக்கு வருவோம். தகடுகளுக்குப் பிரஷ் போட்டுவிட்டு, ஒவ்வொரு காத்தாடியின் இதழையும் விரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன். பிடிக்காமல் ஊதினால் அது தறிகெட்டுச் சுற்றிப் பேரிங் போய்விடும். கரண்டு கொடுக்கும் பெட்டியை வெளியிலிருந்து ஊதினேன், திறக்கவில்லை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் அடி விழுகிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பிராசசரின் மேல், சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் பழைய பசை காய்ந்த களிமண்ணாக வெடித்திருந்தது. துடைத்துவிட்டு ஒரு பச்சைப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன்.

பின்பக்கக் காத்தாடியில்தான் வேடிக்கை. முன்பு எங்கேயோ திருத்தியபோது அதைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். காத்தாடியில் குறுக்குக் கம்பியும் ஸ்டிக்கரும் இருக்கிற பக்கமாகத்தான் காற்று வெளியேறும். இதில் அந்தப் பக்கம் உள்ளே பார்த்தபடி இருந்தது. ஓடவிட்டு, பின்னால் ஓர் ஊதுபத்தியைக் காட்டினேன். வெளியே போக வேண்டிய புகை பெட்டிக்குள் நுழைந்தது. பெரியவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. திருப்பி மாட்டி, முன்பக்கம் உள்ளே இழுக்கும் காத்தாடி ஒன்றும் சேர்த்தேன். அதற்கு முன்னால் கொசு வலைத் துண்டு ஒன்று. நுண்ணிய தூசியை அது பிடிக்காது, பல்லியையும் கரப்பானையும் பிடிக்கும்.

கடைசியாக பயாஸ் அமைப்பில் வேகத்தைத் திருத்தினேன். நாலு வயர்க் காத்தாடியும் மூன்று வயர்க் காத்தாடியும் வேகம் மாறும் முறை வேறு. மூன்று வயர்க் காத்தாடியை நாலு வயர் முறையில் விட்டால் அது எந்நேரமும் முழு வேகத்தில்தான் ஓடும். இன்னொன்று, சூடு சற்று அசைந்ததும் வேகம் ஏறி இறங்கக் கூடாது. சீரான சத்தம் கொஞ்சம் கூடினாலும் காது மறந்துவிடும். ஏறி இறங்குவதுதான் உறக்கத்தைக் கெடுக்கும்.

“மூடியக் கழட்டியே வச்சுக்கிட்டா என்ன?” என்றார். அவசரத்துக்கு நல்லது. ஆனால் காற்று வழி கலைந்துவிடும், ஒரு மழைக் காலத்துக்குள் தூசியும் ஈரமும் எறும்பும் குடியேறும்.

பெட்டியை மறுபடி ஓடவிட்டோம். வீதியில் போன பஸ்ஸின் ஹோர்னுக்கு நடுவே பெட்டியின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவர் பின்பக்கம் உள்ளங்கையை வைத்து, தொட்டியைப் பார்க்கிற மாதிரியே கொஞ்ச நேரம் நின்றார். “இளஞ்சூடா வருது.” வெளியே சூடு வந்தால் உள்ளே சூடு தங்கவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். மேசைக்குக் கீழே, சுவரோரம், தரையில். இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள், பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள் என்றேன். தலையாட்டினார். பிறகு தயங்கினார்.

“மேல ஒரு துணி போட்டிருக்கோம் தம்பி. பூத் தையல் போட்டது. பின்னாடி வரைக்கும் தொங்கும்.”

“ஓடுறப்ப எடுத்துருங்க மாமா. நிறுத்தி, சூடு ஆறின பொறகு போட்டுக்கலாம்.”

சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: “தச்சது வீட்டுக்காரி. இத நீங்களே போன்ல சொல்லிருங்க.”