‘சொன்ரீசா’ என்றால் புன்னகை

இஸ்பானிய மொழி பேசும் நாடுகளுக்குப் பணியாற்றச் செல்லும் அருள்பணியாளர்களும் அருள்சகோதரிகளும் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய சொற்களுள் ஒன்று ‘சொன்ரீசா’. புன்னகை என்பது இதன் பொருள். நடுவிலுள்ள ‘ரீ’யை அழுத்தி, நாக்கு அதிரும்படி சொல்ல வேண்டும்.

இச்சொல்லின் வினைவடிவம் ‘சொன்ரெயிர்’. ‘சுப்ரிதேரே’ என்ற இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. ‘சுப்’ என்றால் கீழே, ‘ரிதேரே’ என்றால் சிரிப்பது. அதாவது, முழுச் சிரிப்புக்குச் சற்றுக் கீழே நிற்பது. நம் தமிழும் இதே வழியில்தான் சென்றிருக்கிறது. ‘புன்’ என்றால் சிறிய, ‘நகை’ என்றால் சிரிப்பு. தமிழர் ஒருவருக்கு இதைவிட எளிதாக நினைவில் நிற்கும் இஸ்பானியச் சொல் கிடைப்பது அரிது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளில் புன்னகை ஆண்பால் சொல். இஸ்பானியத்தில் அது பெண்பால். எனவே ‘லா சொன்ரீசா’ என்றே சொல்ல வேண்டும். இத்தாலியம் கற்று உரோமையில் படித்தவர்கள் தடுமாறும் இடம் இது.

‘சொன்’ என்ற முன்பகுதியை விட்டுவிட்டால் ‘ரீசா’, அதாவது சிரிப்பு. ‘மே தா ரீசா’ என்றால் ‘எனக்குச் சிரிப்பு வருகிறது’ என்று பொருள். நோயாளி ஒருவரின் படுக்கையருகே நின்று, “உங்கள் புன்னகை அழகு” என்று சொல்ல நினைத்து இதைச் சொன்னால், அவர் மனம் எப்படிப் புண்படும்! தொடக்கநூலில் முதிர்ந்த வயதில் மகன் பிறப்பான் என்று கேட்ட சாரா நகைத்தாரே, அதற்கு இஸ்பானிய விவிலியங்கள் சிரிப்பையே சொல்கின்றன, புன்னகையை அல்ல. நம்ப முடியாமல் எழுந்த சிரிப்பு அது. பின்னர் அச்சத்தால் சிரிக்கவில்லை என்றும் மறுத்தார்.

1978-ஆம் ஆண்டு 33 நாள்களே திருத்தந்தையாக இருந்த முதலாம் யோவான் பவுலை இஸ்பானிய மொழி பேசுவோர் ‘எல் பாப்பா தெ லா சொன்ரீசா’, அதாவது ‘புன்னகையின் திருத்தந்தை’ என்பர். அவரை அருளாளராக உயர்த்த ஏற்கப்பட்ட புதுமையும் இஸ்பானிய மொழி வழங்கும் மண்ணிலேயே நிகழ்ந்தது. 2011-இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸ் நகரில் சாவின் விளிம்பில் இருந்த சிறுமி ஒருவர் அவருடைய பரிந்துரையால் நலமடைந்தார். 2022 செப்டம்பர் 4 அன்று, அதே நகரில் பிறந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவரை அருளாளராக அறிவித்தார்.