சேவை பிள்ளையைத் தேடி வரட்டும்

கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு நகர் 60 கிலோமீற்றருக்கும் அதிக தூரம். நடக்க இயலாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. இரண்டு தரம் போவாள். பிறகு பிள்ளை வீட்டோடு நின்றுவிடும்.

2004 இல் ஆழிப்பேரலையையும், 2006 நவம்பர் 8 இல் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மீது விழுந்த எறிகணைகளையும் கண்ட ஊர் இது. நிவாரணப் பட்டியல்கள் பல எழுதப்பட்ட இவ்வூரில், இப்பிள்ளைகளின் பட்டியலும் எழுதப்பட வேண்டும்.

இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு செய்வதை 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் சட்டம் பயன்பட, பிள்ளை முதலில் கண்டறியப்பட வேண்டும்.

18 மாதமாகியும் நடக்காத பிள்ளையை, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளையை வேளைக்கே கண்டுகொள்ளக்கூடியவர், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர். அவர் குறிக்கும் பெயர் முன்பள்ளி ஆசிரியைக்கும், வாகரைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தருக்கும், கல்குடா வலயக் கல்வி அலுவலகத்திற்கும் போய்ச் சேரவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம் மாதந்தோறும் அப்பட்டியலைப் பார்த்து, பயிற்சி அளிப்பவர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது ஊருக்கு வரும்படி கேட்கலாம்.

ஒருவர் இங்கு வருவது, பல தாய்மார் அங்கு போவதிலும் இலேசு. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுப்போம்.