கோபுரத்துக்கு முன்னே கடை

இங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த திருவண்ணாமலைக் கோயில் ராஜகோபுரம்.

இதன் எதிரே 6.40 கோடி ரூபாயில் 150 கடைகளோடு வணிக வளாகம் கட்டத் திட்டமிட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நல்லதே நடந்தது. கோபுர தரிசனத்தை மறைத்து எழும் கட்டடம் எத்தனை வசதியானதாக இருந்தாலும் இந்த இடத்துக்கு ஆகாது.

அதற்காகக் கடையே கூடாது என்பதல்ல. கற்பூரமும் அகலும் பூவும் விற்காத சன்னதித் தெரு ஏது? மாட வீதிக் கடைகளுக்கு அளவுகோல் தேர்தான். கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் இவ்வழியே வரும். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடிப்பார்கள். தேர் திரும்பும் முனையில் ஒரு தகரக் கூரை நீட்டிக்கொண்டிருந்தாலும் இடிக்கும். ஆகவே புதிதாகக் கடை கட்டுபவர் படியைத் தெருவில் இறக்காமல், பந்தலை மடக்கும்படி வைத்து, பெயர்ப் பலகையைச் சுவரோடு ஒட்டி மாட்டட்டும். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ளே தாராளமாக இருக்கலாம்.