காமன் பொட்டலில் இராப் பாடசாலை

கொழுந்து நிறுத்து, லயத்துக்கு வந்து, அடுப்பு மூட்டி, இரவுச் சாப்பாடு முடிய ஏழரை மணி ஆகிவிடும். மாசி மாதத்தில் அதற்குப் பிறகுதான் தோட்டத்தின் இன்னொரு பாடசாலை திறக்கிறது. காமன் பொட்டலில் சுள்ளி மூட்டித் தப்பின் தோலை அனலில் வாட்டுகிறார்கள். இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்துப் பனியில் தோல் தளர்ந்தால் நாதம் எழும்பாது. ஸ்டோரில் வேலை பார்க்கும் ஒருவர் ரதியின் அடியைத் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கிறார். கூத்து மாஸ்டர் கையில் பாட்டுகள் எழுதிய, ஓரம் மடங்கிய ஒரு கொப்பி.

காமன் எரிந்த கதை தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் காமன் கூத்தாக ஆடிக் காட்டுவதுதான் வித்தை. மூன்றாம் பிறையில் காமன் ஊன்றியது முதல் பௌர்ணமியை ஒட்டிய தகனம் வரை ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் என்று வேடத்துக்கு வேடம் பாட்டு மாறும், ஆட்டம் மாறும், தப்பின் அடி மாறும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவரும் இங்கே விடிய விடிய நீளும் பாட்டுகளை மனப்பாடம் செய்கிறார். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு கூத்துகளும் இப்படித்தான் கை மாறி வந்தன.

வளர்ந்தவர்களின் படிப்பு மலையகத்துக்குப் புதிதல்ல. 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் கூட்டங்களில் மனைவி மீனாட்சியம்மாள் பாடுவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பாட்டே பத்திரிகை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாயில் உலவிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூல் அப்படிக் கிடைத்தது.

காமன் பொட்டலைப் போல வழிபடும் இடமே படிக்கும் இடமாவது பல சமயங்களிலும் உண்டு. ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியில் தொழுகைக்கூடத்துக்கு ‘ஷூல்’ என்று பெயர். பள்ளிக்கூடம் என்பதே அதன் பொருள். தமிழிலும் பள்ளிவாசல், பள்ளிக்கூடம் இரண்டிலும் ஒரே ‘பள்ளி’தானே!

கேரளத்துக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. கொச்சி யூதப் பெண்கள் கல்யாண வீடுகளில் பாடிய மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதி வைத்திருந்தார்கள். 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் கொப்பிகளும் கூடவே போயின. பின்னாளில் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். மூதாட்டிகள் மறுபடியும் கூடிப் பாடினார்கள்.

மலையகத்துக் கொப்பிகள் பலவற்றுக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. தலைமன்னாரில் அண்ணன் கப்பலேற, தம்பி கரையில் நின்றார். சொந்தபந்தங்களால் ஆன கூத்துக் குழு மட்டும் பிரியாமல் இருந்திருக்குமா? இன்று கொழும்புக் கடைகளில் நிற்கும் இளைஞர்களுக்கு மாசியில் லீவு கிடைப்பது பெரும்பாடு.

சாதி அடையாளம் ஒட்டிய தப்பை இனித் தொடமாட்டோம் என்கிற இளைஞர்கள் இருக்கிறார்கள். பரீட்சை நேரத்தில் கூத்து எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

ஆனால் அவசரம் கொப்பிக்குத்தான். லயக் காம்பராவில் அடுப்புப் புகை, தகரக் கூரையில் ஒழுக்கு, மழை வலுத்தால் மண்சரிவு. இதற்கு நடுவே காகிதம் எத்தனை காலம் தாங்கும்? ஆட்டத்தைக் கைபேசியில் பிடிக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதில் தப்புச் சத்தம் மேலோங்கிப் பாட்டின் சொல் அமுங்கிவிடுகிறது. மாஸ்டரை உட்கார வைத்து, அடி அடியாகச் சொல்லக் கேட்டு எழுதவேண்டும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளால் இது முடியும். கோயிலில் ஒரு பிரதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் போதும்.

பொட்டலில் ரதி ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறார். மாஸ்டர் டோர்ச் வெளிச்சத்தில் பக்கத்தைப் புரட்டுகிறார். அந்த இடத்தில் தண்ணீர்க் கறை. கொப்பியை மூடி, கண்ணையும் மூடி, விடுபட்ட அடியை நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்.