நாயின் நாக்கும் கணக்குக் குச்சியும்

தெருவில் நிற்பவை – 14

ஆக்லாந்து துறைமுகத்து வீட்டைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது சிற்பி மைக்கேல் பரெக்கோஃபாய் செய்த வீடு. ஏன் அங்கே நிற்கிறது என்பதெல்லாம் போன இதழில் ஓரளவு வந்தாயிற்று, திரும்பச் சொல்லப்போவதில்லை. அந்த வீடு இந்த வாரமும் வராது. காரணம், நான் குடியிருக்கும் வீடு.

வெந்நீர் சிலிண்டர் ஒழுக ஆரம்பித்துப் பதினோரு நாளாகிறது. நியூசிலாந்தின் ஹாமில்டனில் இப்போது நடுக்குளிர்காலம். வாடகை வீட்டை மேற்பார்க்கும் ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார். அனுப்பினால் ஒரு படிவம் வருகிறது. படிவத்தை நிரப்பினால், பிளம்பர் ‘காலை எட்டிலிருந்து மாலை ஐந்துக்குள்’ வருவார் என்று பதில். எந்தத் தேதியின் எட்டு என்று யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில், 125 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக்லாந்துக்குப் போக முடியவில்லை. ஆசிரியரோ சென்னையில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டு, “என்ன சார், கட்டுரை?” என்கிறார். இங்கே அப்போது பின்னிரவு இரண்டரை.

சனிக்கிழமை பொறுமை போய் வெளியே நடந்தேன். விக்டோரியா தெருவின் தென்கோடியில் வைகாட்டோ அருங்காட்சியகம். அதன் வாசலில் நம் மைக்கேல் பரெக்கோஃபாயின் இன்னொரு வேலை, 2016இல் வைத்தது. பெயர் ‘நாயின் நாக்கு’. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் நீள நீளக் கட்டைகள் மூன்று ஆள் உயரத்தையும் தாண்டி அடுக்கியிருக்கின்றன. இடையில் தண்ணீர் கொட்டுகிறது. வீட்டிலும் தண்ணீர், இங்கும் தண்ணீர் என்று திரும்பிவிடத்தான் நினைத்தேன்.

நாய் எங்கிருந்து வந்தது என்றால், ஆற்றிலிருந்து. வைகாட்டோதான் இந்த நாட்டின் மிக நீளமான ஆறு, 425 கிலோமீட்டர். அதற்கு மாவோரி மக்களிடம் ஒரு பிறப்புக் கதை இருக்கிறது. டவுப்பிரி என்பவள் நோயில் விழுந்தாள். டொங்காரிரோ மலையில் நோய் தீர்க்கும் ஊற்று இருந்தது. அந்த நீர் அவளிடம் வந்து சேர வழிகாட்டியது ஒரு நாய். அது ஓடிய தடம்தான் ஆறு. நாய் போன வழியில் வளைந்து வளைந்து போகிறது என்றால் ஆற்றைப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

நாயைப் பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுத எண்ணம் இருந்தது. கட்டைகள் விடவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு பையன் ‘லெகோ’ என்றான். லெகோ அல்ல. அவை கணக்குக் குச்சிகள். பெல்ஜியத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குய்ஸ்னேர் உருவாக்கியவை. 1952இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து வரை பத்து நீளம், பத்து நிறம். ஒன்று வெள்ளை, இரண்டு சிவப்பு, ஐந்து மஞ்சள், ஏழு கருப்பு, பத்து ஆரஞ்சு. எட்டு பழுப்பு நிறம். நாலு சிவப்புக் குச்சிகளை வரிசையாக வைத்தால் ஒரு பழுப்பின் நீளம். வாய்ப்பாட்டைக் கையால் தடவிப் பார்க்கலாம். எனக்கெல்லாம் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள்.

குச்சிகளைக் கையில் எடுத்த இன்னொருவர் கலேப் கட்டேன்யோ, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். கணக்குக்கு உதவுவது மொழிக்கு உதவாதா என்று யோசித்து, 1963இல் ‘மௌன வழி’ என்ற பயிற்றுமுறையைப் புத்தகமாக்கினார். ஆசிரியர் முடிந்தவரை வாயை மூடிக்கொண்டு குச்சியைக் காட்டுவார். மாணவர்தான் பேசவேண்டும்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி இதற்கு அடுத்தது. (சிலிண்டரும் ஒரு காரணம்.) மாவோரி பேசியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசாமல் விட்டது. 1972 செப்டம்பர் 14 அன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு நாடாளுமன்றத்துக்கு மனு போனது. மொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைக்க 1987 ஆயிற்று. அதுவரை சட்டத்துக்காகக் காத்திராமல் இரண்டு பெண்கள் குச்சிகளோடு இறங்கினார்கள். கத்தெரினா மத்தாயிரா, ஙோயி பேஃபைராஙி. (அரிச்சுவடியோடு நாம் ஓய்வு கொடுத்துவிட்ட ஙோ, இங்கே தினமும் வேலைக்குப் போகிறது.) 1970களின் கடைசியில் இவர்கள் தொடங்கிய இயக்கம் ‘தே அத்தாராஙி’. மௌன வழி மாவோரிக்கு எவ்வளவு உதவும் என்று மத்தாயிரா 1980இல் ஆய்வேடே எழுதினார், இதே ஹாமில்டனில் உள்ள வைகாட்டோ பல்கலைக்கழகத்தில். ஙோயி எழுதிய ‘போய் ஏ’ பாட்டு 1984இல் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது தனிக்கதை.

குச்சியை மாவோரியில் ‘ராக்கவ்’ என்கிறார்கள். வகுப்பில் ஆங்கிலம் கூடாது. அடுத்தவருக்கு எடுத்துக்கொடுக்கவும் கூடாது. அவரவர் முறை வரும்போதுதான் வாயைத் திறக்கலாம். இந்த முறையில் நடந்த ஒரு மாலை வகுப்புக்கு நானும் மூன்று வாரம் போயிருக்கிறேன். ‘ஹெ ராக்கவ் ஃபெரோ’ என்றால் ஒரு சிவப்புக் குச்சி. நிறம் பின்னால் வரும். நான் தமிழ்ப் பழக்கத்தில் முன்னால் போட்டு மாட்டிக்கொள்வேன். என் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய மாவோரிப் பெரியவர். தன் தாய்மொழியை முதல் பாடத்திலிருந்து கற்க வந்திருந்தார். சிவப்புக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் சொல் நாக்கு நுனியில். ஒருவரும் சொல்லவில்லை. பிறகு அவரே சொன்னார்.

பெற்றோர் இருவரும் ஆசிரியர்களாக இருந்த பரெக்கோஃபாய்க்கு இந்தக் குச்சிகள் புதிதல்ல. 1990லேயே, மொழி வகுப்பின் பெயரையே எடுத்து ‘அத்தராஙி’ என்று ஒரு சிற்பம் செய்தார். பெரிய குச்சிகள் சேர்ந்து HE என்ற இரண்டு எழுத்தாக நிற்கும். ஆங்கிலம் படித்தவருக்கு ‘அவன்’. மாவோரியில் ‘ஒரு’. உயிரைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால் ‘தப்பு’. விக்டோரியா தெருவில் அந்தக் குச்சிகளே வளர்ந்து அருவியாகியிருக்கின்றன. ஒரு குறை சொல்லவேண்டும்: தண்ணீர் இல்லாவிட்டால் நிறங்கள் இன்னும் நன்றாகத் தெரியும். நாய் கோபிக்கும், பரவாயில்லை.

மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த தமிழ் எழுத்துள்ள மணியைப் பற்றி எப்போது எழுதுவாய் என்று கேட்டு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அது வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் நிற்கவில்லை என்பதால் தள்ளிப்போகிறது.

அடுத்த வாரம் கட்டாயம் துறைமுகத்து வீடு. அதற்குள்ளே கேப்டன் குக் எவர்சில்வரில் உட்கார்ந்திருக்கிறார். சனிக்கிழமை காலைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. பிளம்பர் வந்தால் கதவு பூட்டியிருக்கும்.